ஆலா முட்டையிடும் மணலுக்கும் ஓய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழில் தனுஷ்கோடிப் பூநாரைகளின் வண்ணப்படம் அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது. அன்றைக்கு என் ஆட்டோவில் ஏறியவர்களில் மூன்று குடும்பம் அந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்து வந்து, "அண்ணே, இதை எங்க நின்னு பார்க்கலாம்?" என்று கேட்டார்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எல்லாருக்கும் சந்தோஷம். அந்தப் படத்தின் வலது மூலையில், பூநாரைகளின் தலைக்கு மேலே, வெள்ளையாக இரண்டு கீற்றுகள் தெரிகின்றன. தூசியோ அச்சுப் பிழையோ என்று நினைத்துவிடும் அளவுக்குச் சின்னது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. படத்தின் கீழே போட்ட குறிப்பிலும் ஒரு வார்த்தை இல்லை. அவை ஆலா என்ற கடற்பறவைகள். அவற்றுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். முழுவதையும் போட இடமில்லை என்றால் கடைசியில் நான் கேட்டிருப்பதை மட்டுமாவது போடுங்கள்.

நான் ராமேசுவரத்தில் பிறந்தவன். 2017 வரை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலில் வேன் ஓட்டினேன். தார்ச்சாலை வந்த பிறகு அந்தத் தொழில் நின்றுபோனது. இப்போது ஆட்டோ. என் அப்பா பழைய தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி புயலில் ஊர் போனபோது அவருக்கு வயது 19. அதன் பிறகும் கடலை விடவில்லை. கடைசி வரை கரைவலை இழுத்தார்.

எங்கள் பக்கத்தில் வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வோம். இரண்டுக்கும் நடுவே ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடப்பதுதான் தனுஷ்கோடி மணல். வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆலாவுக்கு இந்த மண் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்பார் அப்பா. ஒரு பக்கம் கலங்கினால் மறுபக்கம் தெளிந்திருக்கும், குஞ்சுக்கு மீன் கிடைக்காத நாளே இருக்காது. அது சரியான காரணமா என்று படித்தவர்கள்தான் சொல்லவேண்டும். கடலோடிகள் பார்த்துச் சொன்னதை எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்கள் கடல்மேல் பறக்கும் வெள்ளைப் பறவை எல்லாவற்றையும் கடல்புறா என்று சொல்லிவிடுகிறார்கள். கடற்காகம் வேறு, ஆலா வேறு. உறவுதான், பெரியப்பா மகன் சித்தப்பா மகன் மாதிரி. ஆனால் குணம் வேறு. கடற்காகம் கனத்த உடம்போடு அலைமேல் மிதந்துகொண்டிருக்கும், படகில் இருந்து வீசும் மீன்குடலையும் சுற்றுலா வந்தவர்கள் தூவும் மிக்சரையும் தின்னும். மழைக்காலத்தில் வந்து கோடையில் வடக்கே போய்விடும். ஆலா மெலிந்தது. இறக்கை ஒடுங்கி நீண்டிருக்கும், வால் இரண்டாகப் பிரிந்திருக்கும். பறக்கும்போது மூக்கைக் கீழ்நோக்கியே வைத்திருக்கும், தண்ணீரைப் படித்துக்கொண்டே போவதுபோல. மீனைக் கண்டுவிட்டால் அதே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு நிற்கும். பிறகு சட்டென்று கல் விழுவதுபோல் விழும். "சளக்" என்று ஒரு சத்தம். எழும்போது அலகில் குறுக்காக ஒரு நெத்திலி மினுங்கும். மிக்சரை ஏறெடுத்தும் பார்க்காது.

ஆலாவிலும் பல வகை உண்டு. மஞ்சள் மூக்கும் தலையில் கலைந்த கொண்டையுமாக வருவது கொண்டை ஆலா. சிவந்த பெரிய மூக்குடன் கடற்காகம் அளவுக்கே இருப்பது காஸ்பியன் ஆலா, உலகத்திலேயே பெரிய ஆலா அதுதான். உள்நாட்டில் ஏரி, வயல், உப்பளம் எல்லாம் சுற்றுவது மீசை ஆலா. நான் சொல்ல வந்தது இவற்றை அல்ல, சின்ன ஆலாவை. கையில் வைத்தால் 50 கிராம்தான் இருக்கும். நெற்றி வெள்ளை, உச்சி கறுப்பு, மஞ்சள் அலகின் நுனியில் மை தொட்டதுபோல் ஒரு கறுப்பு. பறவைகளைக் கணக்கெடுக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், இதிலேயே சாண்டர்ஸ் ஆலா என்று இன்னொரு வகை உண்டு, இரண்டையும் கண்ணால் பிரிப்பது பெரும்பாடு என்றார்கள். எனக்கு இரண்டும் சின்ன ஆலாதான்.

"காசுக்கு ஆலாய்ப் பறக்கிறான்" என்று நாம் திட்டுகிறோம். எங்கள் தெருவில் அந்தச் சொல்லை யாராவது சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "ஆலா தனக்காடா பறக்குது? குஞ்சுக்குப் பறக்குது" என்பார்.

அப்பாவுக்கு ஆலாமேல் அவ்வளவு பிடிப்பு இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர்கள் காலத்தில் மீன் இருக்கும் இடத்தைக் காட்ட எந்தக் கருவியும் கிடையாது. விடியற்காலையில் கரையில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். அடியில் சூரை, பாறை போன்ற பெரிய மீன் துரத்தினால் சூடை, நெத்திலி போன்ற பொடிமீன் மேலே பொங்கும். அந்த இடத்தில் ஆலாக் கூட்டம் கூடிவிடும். சும்மா சுற்றினால் மீன் ஆழத்தில் இருக்கிறது, சரமாரியாக விழுந்தால் மீன் மேலே வந்துவிட்டது. விழுகிற திசை மாறினால் மீன் போகும் திசை மாறிவிட்டது. அதைப் பார்த்துத்தான் வலையை எந்தப் பக்கம் வளைப்பது என்று முடிவு செய்வார்கள். வலையின் மடி கரையேறும்போது பக்கத்திலேயே ஆலா வந்து சிதறும் பொடிமீனைக் கொத்தும், யாரும் விரட்டமாட்டார்கள். சின்னப் பையனாக நான் ஒருமுறை கல்லெடுத்தேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார், அடிக்கவில்லை. "நமக்கு வேலை பார்க்குற ஆளுக்குக் கூலி கொடுக்கவேணாமா?" என்றார்.

இவ்வளவும் தெரிந்து வளர்ந்த நான் செய்த காரியத்தை இப்போது எழுதவேண்டியிருக்கிறது.

2008 வைகாசி. பள்ளிக்கூட விடுமுறை, கூட்டம் தாங்கவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. வழக்கமான தடம் குழைந்துபோய் வேன் புதைய ஆரம்பித்ததால், நானும் இன்னும் இரண்டு பேரும் கடல் பக்கமாகக் கெட்டி மணலில் புதுத்தடம் போட்டோம். சிப்பியும் சங்கு உடைசலும் கலந்த மேட்டு மணல் அது. வேன் சுகமாகப் போனது. மூன்றாம் நாள், முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர், "தம்பி, தம்பி, நிப்பாட்டுங்க, இந்தக் குருவி ஏன் வண்டிய வந்து வந்து முட்டுது?" என்றார். நான் நிறுத்தவில்லை. ஆலா எப்போதும் அப்படித்தான் சுற்றும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அந்த அம்மா பிடிவாதமாக இறங்கிப் பார்த்தார்.

தடத்தின் ஓரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னக் குழி. கூடு என்று சொல்ல ஒரு புல் கூடக் கிடையாது. வெறும் மணலை நெஞ்சால் அழுத்திச் செய்த குழி, சுற்றிலும் நாலு சிப்பித்துண்டு. அதில் ஒரு முட்டை முழுதாக இருந்தது. காடை முட்டை அளவு. மணல் நிறம், அதன்மேல் பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள். இன்னொன்று என் டயரின் அச்சுக்குள் இருந்தது. முட்டையோடும் மணலும் ஒட்டிப்போய், மஞ்சள் காய ஆரம்பித்திருந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு நான் நடந்து பார்த்தேன். அந்தத் தடத்தின் இரண்டு பக்கமும், பார்க்கத் தெரிந்த பிறகு, குழி குழியாகத் தெரிந்தது. பதினொன்றுவரை எண்ணினேன். எத்தனை ஏற்கெனவே டயருக்கு அடியில் போயிருந்தன என்பது எனக்குத் தெரியாது.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்தி வைத்தார். "அது நமக்கு மீன் காட்டுன குருவிடா. அதோட வீட்டுக்குள்ளயா வண்டி ஓட்டுன?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் என்னையும் எழுப்பி, ஒரு கட்டு பனைமட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். குழிகள் இருந்த மேட்டைச் சுற்றி மட்டைகளை நட்டோம். ஆலாக்கள் எங்கள் தலையிலேயே வந்து மோதின. "கிரிக், கிரிக்" என்று அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "இருடி ஆத்தா, போயிர்றோம், போயிர்றோம்" என்று அதனோடு பேசிக்கொண்டே வேலையை முடித்தார். மற்ற வேன்காரர்களிடம் நான் போய்ச் சொன்னேன். ஒருத்தர் கூட மறுக்கவில்லை. தடத்தைப் பழையபடி மாற்றிக்கொண்டோம். அதை மட்டும் எழுதவேண்டும், அவர்கள் எல்லாருமே அன்றாடம் டீசல் போட்டு ஓட்டிய ஏழைகள். மணலில் புதைந்தால் அரைநாள் சம்பாத்தியம் போய்விடும்.

அந்த மாதம் முழுக்க, நடை இல்லாத நேரத்தில் மட்டைக்கு வெளியே தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். அப்போது பார்த்த இரண்டு விஷயங்களைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் கேட்கப்போவது முழுக்க இவற்றை வைத்துத்தான்.

ஒன்று, வெயில். பகல் 12 மணிக்கு அந்த மணலில் செருப்பில்லாமல் நிற்கமுடியாது. நாம் நினைப்பதுபோல் தாய் ஆலா முட்டைக்குச் சூடு கொடுக்க உட்காரவில்லை, நிழல் கொடுக்க உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இறக்கையை லேசாகத் தூக்கிக்கொண்டு. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கடலுக்குப் போகிறது. மீன் பிடிக்க அல்ல. அலைமேல் தாழப் பறந்து வயிற்றை நனைக்கிறது. திரும்பி வந்து அந்த ஈர வயிற்றை முட்டைமேல் வைத்து உட்காருகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுகிறோமே, அதேதான். இப்படி ஏறக்குறைய மூன்று வாரம், ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி. இப்போது அந்த இடத்தில் நாலு பேர் போய் நின்று, தலைக்கு மேல் பறவை சுற்றுவதை அழகாக இருக்கிறது என்று பத்து நிமிடம் செல்போனில் படம் பிடித்தால் என்ன ஆகும்? அவர்கள் ஒரு முட்டையைக்கூட மிதித்திருக்கமாட்டார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் முட்டை மணலில் கிடந்து வெந்துபோகலாம்.

இரண்டாவது, குஞ்சு. பொரித்து ஒன்றிரண்டு நாளிலேயே குழியை விட்டு நடக்க ஆரம்பித்துவிடும். பஞ்சில் மணலைத் தூவியதுபோல் இருக்கும். அசையாமல் படுத்தால் ஒரு முழம் தள்ளி நின்றாலும் தெரியாது. ஆபத்து என்றால் ஓடாது, படுத்துவிடும். அதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. பருந்தின் கண்ணுக்குத் தப்ப அது உதவும். ஆனால் வெட்ட வெளியில் நிழலுக்கு அது எங்கே போகும்? பள்ளம் தேடும். அந்த மணலில் உள்ள பள்ளம் என்ன? டயர் தடம். ஒருநாள் சாயங்காலம் பழைய தடத்தின் கரையில் விழுந்த நாலு விரல்கடை நிழலில் இரண்டு குஞ்சுகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தேன். தாய் வந்து, இரண்டு அங்குல நீளமுள்ள மீனை ஒன்றின் வாயில் திணித்தது. தலை முதலில் போகும்படி திருப்பிக் கொடுத்தது. அதைப் பார்த்த பிறகு தடம் இருக்கிறதே என்று நம்பி வண்டியை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நடைக்கும் கிளீனர் பையன் முன்னால் நடந்து போவான்.

2017 ஜூலையில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். ஒன்பதரை கிலோமீட்டர். எங்கள் பிழைப்பு போனதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் மனதுக்குள் ஒரு ஆறுதல், இனிமேல் மணலில் சக்கரம் ஏறாது, ஆலா நிம்மதியாக இருக்கும் என்று. அப்படி நடக்கவில்லை. நாங்கள் ஓட்டியபோது வந்த கூட்டத்துக்கும் இப்போது வரும் கூட்டத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாலையில் போனால் போதாதென்று, ரீல்ஸ் எடுக்க ஜீப்பையும் பைக்கையும் மணலில் இறக்கி வட்டமடிக்கிறார்கள். போன வருடம் மே மாதத்தில் ஒருநாள் நானே நான்கு வண்டிகளை எண்ணினேன். தலைக்கு மேல் டிரோன் பறக்கிறது, பருந்து என்று நினைத்து மொத்தக் கூட்டமும் முட்டையை விட்டு எழுந்துவிடுகிறது. தின்றுவிட்டுப் போடும் மீன் வறுவல் எலும்புக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கும் காகமும் நாயும் பெருகிவிட்டன. எலும்பு தீர்ந்த பிறகு அவை சும்மா இருக்குமா?

இதைப் பற்றி ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். "ஆலான்னா என்னங்க? பூநாரையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். முத்திரை போட்டுக் கொடுத்தார். பதில் வரவில்லை.

பூநாரைமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பெரும் பூநாரைச் சரணாலயத்தை அரசு அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். 500 ஹெக்டேருக்கும் மேல். நல்ல காரியம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பூநாரை இங்கே குளிர்காலத்துக்கு வரும் விருந்தாளி. குஜராத்தின் கட்ச் ரண் போன்ற இடங்களில் மண்மேடு கட்டி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, இங்கே மேய வருகிறது. ஆளைக் கண்டால் நீருக்குள் தள்ளிப் போய்விடும். ஆலாவோ இங்கேயே, நம் காலடி மணலில், பிள்ளை பெறுகிறது. தள்ளிப் போக அதனால் முடியாது, முட்டை இருக்கிறதே. விருந்தாளிக்குப் பாய் விரித்துவிட்டு வீட்டுப் பிள்ளையின் தொட்டிலை மிதித்துக்கொண்டு நடக்கிறோம். ஆலா மட்டுமல்ல, அதே மணலில்தான் உப்புக்கொத்தி என்ற சின்னக் கரைப்பறவையும் முட்டையிடுகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் உப்புக்கொத்தியை 2023-இல் தனி இனம் என்று கண்டு, இங்கிருந்து இலங்கைக்கு நீளும் ராமர் பாலத்தை நினைத்து அனுமன் பெயரையே அதற்கு வைத்தார்கள் என்று அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அனுமன் பெயர் தாங்கிய குருவியின் முட்டைமேல் ராமேசுவரத்துக்கு வந்தவர்கள் வண்டி ஏற்றலாமா?

அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளில் ஆலாக்கள் பெருங்கூட்டமாக முட்டையிடுகின்றன. அங்கே ஆள் நடமாட்டம் குறைவு, படகில்தான் போகமுடியும். அதனால் "அங்கேதான் இருக்கிறதே, இங்கே எதற்கு?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். திட்டுகள் நிலையில்லாதவை. காற்றும் நீரோட்டமும் ஒரு வருடம் வளர்க்கும், மறு வருடம் கரைக்கும். பெரிய அலை ஏறினால் முட்டை முழுக்கப் போய்விடும். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்க எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆமை முட்டைக்கு வனத்துறை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் கரையோரம் நடந்து, முட்டையைப் பக்குவமாக எடுத்து வந்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். அதைப் பார்க்கப் பார்க்க மனம் நிறையும். ஆலா முட்டையை அப்படி எடுக்கமுடியாது. ஆமை முட்டையைப் புதைத்துவிட்டுத் தாய் போய்விடுகிறது, மணலே பொரித்துக் கொடுத்துவிடும். ஆலா முட்டைக்குத் தாயின் வயிறு வேண்டும், அதே இடம் வேண்டும். முட்டையை வேலிக்குள் கொண்டு போகமுடியாது, வேலியைத்தான் முட்டைக்குக் கொண்டு வரவேண்டும். வேலி என்றால் கம்பி வேலி கூட வேண்டாம். நாலு மாதத்துக்கு ஒரு கயிறு.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காகக் கிழக்குக் கடற்கரை முழுக்க இந்தத் தடை. 2001-இல் இதைக் கொண்டு வந்தபோது 45 நாள். எங்கள் தெருவில் எவ்வளவு எதிர்ப்பு தெரியுமா? அடுப்பு எரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. 2017-இல் 61 நாளாக்கியபோது மறுபடியும் பேச்சு எழுந்தது. ஆனாலும் கடைப்பிடிக்கிறோம். பிள்ளைத்தாய்ச்சியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது கடலோடிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆலா முட்டையிடுவதும் அதே சித்திரை வைகாசியில்தான். தடைக்காலத்தில்தான் கரையோரக் கடல் அமைதியாகி, பொடிமீன் பெருகி, குஞ்சுக்கு ஊட்ட மீன் கிடைக்கிறது. கடலில் மீனுக்கு ஓய்வு கொடுக்கிறோம். அதே நாட்களில் பள்ளி விடுமுறை என்று கரையில் லட்சக்கணக்கான கால்களையும் சக்கரங்களையும் இறக்கிவிடுகிறோம். பிழைப்பை விட்டுக் கொடுத்து மீனவன் கடலைக் காக்கிறான். பொழுதுபோக்க வருகிறவர்கள் மணலில் ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கமாட்டார்களா?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்தில், பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடக்கம் என்று அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு என் டயர் செய்ததற்கும் சட்டத்தில் அதே பெயர்தான்.

இங்கிலாந்தில் செசில் என்ற கடற்கரையில் இதே சின்ன ஆலாவுக்காகக் கோடையில் வேலி போட்டு, ஊர்மக்கள் முறைபோட்டுக் காவல் காக்கிறார்களாம். அந்த நாட்டில்தான் நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன் பெண்களின் தொப்பியில் செருக ஆலாவின் இறக்கைக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். அதை எதிர்த்துப் பெண்களே 1889-இல் சங்கம் தொடங்கினார்கள். நம் ஊரில் ஆலாவை யாரும் சுடவில்லை, தின்னவில்லை, பிடித்து விற்கவில்லை. தெரியாமல்தான் மிதிக்கிறோம். தெரியாமல் செய்வதை நிறுத்துவது சுலபம் இல்லையா? தெரியவைத்தால் போதுமே. என் ஆட்டோவில் வருபவர்களிடம் நான் சொல்கிறேன். இதுவரை ஒருவர் கூட "அதனால் என்ன?" என்று கேட்டதில்லை. போன வருடம் சேலத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போன தடத்திலேயே அடிமேல் அடிவைத்துத் திரும்பி வந்தாள். அவள் வயது எட்டு இருக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஆகஸ்டு நடுவரை, ஆலாவும் உப்புக்கொத்தியும் முட்டையிடும் மேட்டு மணலை மட்டும் கம்பு நட்டுக் கயிறு கட்டித் தனியாக்கவேண்டும். மொத்தக் கடற்கரையையும் மூடச் சொல்லவில்லை. சங்கு, பாசிமணி விற்கும் பெண்களும் மீன் வறுத்து விற்கும் கடைகளும் அந்தச் சுற்றுலாவை நம்பித்தான் இருக்கின்றன, அவர்கள் வயிற்றில் அடிக்கக்கூடாது. தார்ச்சாலையை விட்டு எந்த வண்டியும் மணலில் இறங்கக்கூடாது, டிரோன் அந்த நாலு மாதம் பறக்கக்கூடாது. தமிழிலும் இந்தியிலும் படம் போட்ட பலகை வைக்கவேண்டும், வடக்கிலிருந்து வருபவர்கள் அதிகம். எச்சில் பொட்டலத்தை அன்றன்றைக்கு அள்ளவேண்டும். காவலுக்கு வெளியே ஆள் தேடவேண்டாம். தடைக்காலத்தில் விசைப்படகுக் கூலிகள் வேலையில்லாமல்தான் இருக்கிறார்கள். அந்த 61 நாளுக்கு அவர்களில் பத்துப் பேருக்குக் கூலி கொடுத்து மணலில் நிறுத்தினால், ஆலாவை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. சரணாலயம் என்று பெரிய சொல்லும் தேவையில்லை. தங்களைப் போன்ற நாளிதழ் அடுத்த முறை பூநாரைப் படம் போடும்போது, சித்திரையில் ஒரு ஆலாப் படத்தையும் போட்டு, "இந்தக் குழியை மிதிக்காதீர்கள்" என்று ஒரு வரி எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்தப் பக்கத்தைத்தானே ஜனங்கள் கையோடு எடுத்து வருகிறார்கள். கயிற்றுக்கு வெளியே நின்றபடி தூரத்திலிருந்து எடுத்த படமாக இருக்கட்டும். படக்காரர் வந்தால் எங்கே நிற்கவேண்டும் என்று நான் காட்டுகிறேன்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்கு நட்ட பனைமட்டைகளில் பாதி காற்றில் போய்விட்டது, மீதியை ஆடி முடிந்ததும் பிடுங்கிக் கட்டி வீட்டுப் பரணில் வைத்தார். ஒவ்வொரு வருடமும் எடுத்துப் போய் நடுவார். இப்போது நானும் என் மகனும் நடுகிறோம், எங்கள் இரண்டு பேரால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு. போன மாதம் எண்ணிப் பார்த்தேன், 43 மட்டை இருக்கிறது. நைலான் கயிறு இரண்டு சுருள் பழைய வலையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறேன். தடைக்காலம் தொடங்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் யாராவது அதிகாரி வருவதாக இருந்தால், விடியற்காலை 5 மணிக்கு வரச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் நடந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகன்,
ஆட்டோ ஓட்டுநர், ராமேசுவரம்.